ஜூன் 30 ராத்திரிக்குள்ள யாரை விக்கலாம்?

ஜூன் கடைசி வாரம் வந்தாலே இங்கிலாந்து ஃபுட்பால்ல ஒரு விசித்திரமான சந்தை கூடும். மேட்ச் கிடையாது, ப்ளேயர்ஸ் எல்லாம் லீவுல எங்கயோ பீச்ல படுத்துருப்பாங்க, ஆனா க்ளப் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறவங்களுக்கு மட்டும் தூக்கம் இருக்காது. ஏன்னா பெரும்பாலான க்ளப்புக்கு கணக்கு வருஷம் ஜூன் 30-ஓட முடியுது, அதுக்குள்ள ஏதாவது லாபம் காட்டியாகணும். 2024 ஜூன்ல நடந்த கூத்தையே எடுத்துக்கங்க. செல்சி இயன் மாட்சனை 37.5 மில்லியன் பவுண்டுக்கு ஆஸ்டன் வில்லாவுக்கு வித்துச்சு, கிட்டத்தட்ட அதே நேரத்துல வில்லா ஒமாரி கெலிமன்னு ஒரு சின்னப் பையனை 19 மில்லியனுக்கு செல்சிக்கு வித்துச்சு. கெலிமன் அதுவரைக்கும் வில்லா சீனியர் டீமுக்கு ஆடினது மொத்தமே ஆறு மேட்ச். ஆறு மேட்சுக்கு 19 மில்லியன். ரெண்டு பக்கமும் லாபக் கணக்கு எழுதியாச்சு, ரெண்டு பேரும் சந்தோஷம்.

அதே வாரத்துல நியூகாசில் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு குடுத்துச்சு, 35 மில்லியன். அந்தப் பையனுக்கு சொந்த ஊரு பக்கத்துலயே இருக்குற விட்லி பே, எட்டு வயசுல க்ளப்போட அகாடமில, அதாவது சின்னப் பசங்களை வளர்க்குற பயிற்சிப் பள்ளில, சேர்ந்தவன், அவன் தாத்தா ஜெஃப் ஆலன் 60-கள்ல அதே நியூகாசிலுக்கு விங்கரா ஆடினவரு. இப்போ அந்த க்ளப்போட ஓனர் யாருன்னு பாருங்க, சவுதி அரேபியாவோட அரசு முதலீட்டு நிதி. காசுக்குப் பஞ்சமே இல்லாத ஓனர்னு ஒரு லிஸ்ட் போட்டா முதல் பேரே அவங்களாத்தான் இருக்கும். அப்படிப்பட்டவங்க கேவலம் 35 மில்லியனுக்காக வளர்த்த பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் வேற வீட்டு வாசல்ல விட்டுட்டு வர்றாங்கன்னா, கஜானா காலியாகி வித்தது இல்ல அது, கணக்குக்காக வித்தது.

இந்தக் கணக்கு புரியலைனா ஃபுட்பால் செய்தில பாதி புரியாது, அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன். ஒரு க்ளப் 60 மில்லியன் குடுத்து ஒருத்தனை வாங்கி அஞ்சு வருஷ காண்ட்ராக்ட் போடுதுனு வைங்க. கணக்குப் புத்தகத்துல அந்த 60-ம் ஒரே வருஷத்து செலவா வராது, வருஷத்துக்கு 12-னு அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சு எழுதுவாங்க, இதுக்குப் பேரு அமார்ட்டைசேஷன். ரெண்டு வருஷம் கழிச்சு அவனை 40 மில்லியனுக்கு வித்தா, புத்தகத்துல அவன் மேல இன்னும் 36 பாக்கி நிக்குது, அதனால லாபம் வெறும் 4 தான். ஆனா அகாடமில வளர்ந்த பையனுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஃபீனு ஒண்ணு குடுக்கவே இல்லையே, புத்தகத்துல அவன் மதிப்பு பூஜ்யம். அவனை 40-க்கு வித்தா 40-ம் முழு லாபம், அதுவும் அந்த வருஷமே, ஒரே வரில. அதனாலதான் செல்சி மேசன் மவுண்ட்டையும் கானர் கேலகரையும் வித்துச்சு, அதனாலதான் மான்செஸ்டர் சிட்டி கோல் பாமரை விட்டுச்சு (அதுக்கு இன்னைக்கு வரைக்கும் சிட்டி ஃபேன்ஸ் பல்லைக் கடிச்சுட்டு இருப்பாங்கனு நம்புறேன்).

செல்சி இதையே தலைகீழாவும் பண்ணுச்சு. 2023 ஜனவரில முத்ரிக், என்ஸோ ஃபெர்னாண்டஸ் ரெண்டு பேருக்கும் எட்டரை வருஷ காண்ட்ராக்ட். வருஷம் கூடக் கூட வருஷத்துக்கு எழுதுற செலவு குறையும்ல, அந்த ஐடியாதான். உடனே ஐரோப்பிய ஃபுட்பாலை நடத்துற யூஃபா முழிச்சுக்கிட்டு இனிமே எத்தனை வருஷ காண்ட்ராக்ட் போட்டாலும் கணக்குல அஞ்சு வருஷத்துக்கு மேல பிரிக்கக் கூடாதுன்னுச்சு, அந்த டிசம்பர்ல பிரீமியர் லீக்கும் அதையே பண்ணுச்சு. அடைச்சா இன்னொரு ஓட்டை. தன்னோட ரெண்டு ஹோட்டலைத் தன்னோட இன்னொரு கம்பெனிக்கே 76.5 மில்லியனுக்கு வித்து லாபம் காட்டினாங்க பாருங்க, அந்த மூளைக்கு ஒரு சல்யூட் போடலாம், வயித்தெரிச்சலோட.

இதெல்லாம் எதுக்குன்னா பிரீமியர் லீக்ல 2025-26 வரைக்கும் பிஎஸ்ஆர்னு ஒரு ரூல் இருந்துச்சு, மூணு வருஷத்துல 105 மில்லியன் பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டக் கூடாது. சாம்பியன்ஷிப்ல, அதாவது ரெண்டாவது டிவிஷன்ல, இருந்த வருஷம்னா லிமிட் இன்னும் கம்மி, வருஷத்துக்கு 35-க்கு பதிலா 13. இந்த 105-ங்கிற நம்பர் 2013-ல போட்டது, அதுக்கப்புறம் சம்பளம் எங்கயோ போயிருச்சு, ஃபீ எங்கயோ போயிருச்சு, இது மட்டும் அப்படியே நின்னுச்சு. 2024-ல வில்லா 135 ஆக்குங்கப்பானு கேட்டுப் பாத்துச்சு, ஓட்டுல தோத்துருச்சு. ரூலை மீறினதுக்குத் தண்டனையா எவர்ட்டனுக்கு லீக் டேபிள்ல முதல்ல 10 பாயின்ட் போச்சு, அப்பீல்ல 6 ஆச்சு, அப்புறம் இன்னொரு 2.

ஆனா என்னைக் கேட்டா இந்த ரூலோட முழு சங்கடமும் ஃபாரஸ்ட் கேஸ்லதான் இருக்கு. 23 வருஷம் கழிச்சு 2022-ல பிரீமியர் லீக்குக்கு மேல வந்தாங்க, வந்த கையோட இருபதுக்கும் மேல ஆளுங்களை வாங்கித் தள்ளினாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் சாம்பியன்ஷிப்ல இருந்ததால அவங்க லிமிட் 61 மில்லியன் மட்டும்தான். அவங்க கிட்ட விக்கிற மாதிரி ஒரே ஒரு தங்கம் இருந்துச்சு, பிரென்னன் ஜான்சன். நாட்டிங்ஹாம்லயே பொறந்த பையன், எட்டு வயசுலருந்து அங்கயே, அப்பா டேவிட் ஜான்சனும் ஃபாரஸ்ட்டுக்கு கோல் அடிச்ச ஸ்ட்ரைக்கர். 2023 ஜூன் 30-க்குள்ள வித்தா வர்ற விலைக்கு விக்கணும். அவங்க விக்கல, ஆள் வாங்கி விக்கிற விண்டோவோட கடைசி நாள் செப்டம்பர் 1 வரைக்கும் இழுத்து டாட்டன்ஹாமுக்கு 47.5 மில்லியனுக்கு வித்தாங்க. ஒரு வியாபாரியா பாத்தா கரெக்டா பண்ணிருக்காங்க, அவசரப்படாம காத்திருந்து நல்ல விலைக்கு வித்துருக்காங்க, க்ளப்போட நிஜமான நிதி நிலைமைக்கு அதுதான் நல்லது. ஆனா ரூல் புக்ல அந்தக் காசு ரெண்டு மாசம் லேட், அடுத்த வருஷக் கணக்கு. லிமிட்டை 34.5 மில்லியன் தாண்டிட்டீங்கனு 2024 மார்ச்ல 4 பாயின்ட் எடுத்தாங்க. பொறுத்திருந்ததால அதிகமா வந்துச்சுல்ல காசுன்னு ஃபாரஸ்ட் வாதாடிப் பாத்தாங்க, விசாரணைக் குழு மசியல, ரூல் முன்னாடியே தெரியும்ல ஏன் அத்தனை பேரை வாங்கினீங்கன்னு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குறதுதான் கடுப்பு.

நான் ஆர்செனல் ஆளு, அதனால ஏழை க்ளப்னு நாடகம் போட எனக்கு உரிமை இல்ல, ஆனா விக்கிறதோட வலி என்னன்னு எங்களுக்கு நல்லாவே தெரியும். 2006-ல புது ஸ்டேடியத்துக்குப் போனோம், கடனை அடைக்கணும், எதிர்ல ஒரு பக்கம் அப்ரமோவிச்ங்கிற ரஷ்யக் கோடீஸ்வரன் பணத்துல செல்சி, ரெண்டு வருஷத்துல இன்னொரு பக்கம் அபுதாபி பணத்துல சிட்டி. 2007-ல எங்க ஸ்டார் ப்ளேயர் ஆன்ரி போனான், 2011-ல ஃபாப்ரகாஸ், நஸ்ரி, அடுத்த வருஷம் வான் பெர்ஸி. அதுவும் வான் பெர்ஸி யாருக்கு, மான்செஸ்டர் யுனைட்டடுக்கு, 24 மில்லியனுக்கு. போன முதல் வருஷமே அங்க லீக்ல 26 கோல் அடிச்சு டைட்டில் வாங்கிக் குடுத்தான். அந்த வருஷம் முழுக்க நாங்க ஓனரையும் மேனேஜரையும் திட்டாத திட்டு இல்ல, "விக்கிற க்ளப்" ஆயிட்டோம்னு ஒரே புலம்பல். ஆனா அந்தக் காலத்துலயும் வருஷா வருஷம் டாப் 4-ல முடிச்சோம், கடன் வட்டியும் கட்டினோம், க்ளப் நின்னுச்சு. அப்ப அது பெருசா தெரியல.

நிக்காத க்ளப்பைப் பாத்தாத்தான் அது தெரியும். லீட்ஸ் யுனைட்டட் 2001-ல ஐரோப்பாவோட பெரிய க்ளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்ல செமி ஃபைனல் ஆடின டீம். ரியோ ஃபெர்டினாண்டை 18 மில்லியனுக்கு வாங்கினாங்க, இன்னும் வர வேண்டிய டிக்கெட் வருமானத்தை அடமானம் வச்சு 60 மில்லியன் கடன் வாங்கினாங்க. மொத்தக் கணக்கும் ஒரே ஒரு நம்பிக்கைல நின்னுச்சு, வருஷா வருஷம் சாம்பியன்ஸ் லீக் போவோம்னு. போகல. ஃபெர்டினாண்டை மான்செஸ்டர் யுனைட்டடுக்கு வித்தாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா போனாங்க, ஸ்டேடியம் போச்சு, ட்ரெய்னிங் கிரவுண்ட் போச்சு, 2004-ல கீழ இறங்கினாங்க, 2007-ல மூணாவது டிவிஷன். திரும்ப பிரீமியர் லீக் பாக்க 2020 ஆச்சு. போர்ட்ஸ்மத் 2008-ல எஃப்ஏ கப் ஜெயிச்சாங்க, ரெண்டே வருஷத்துல திவால் நடவடிக்கைல மாட்டினாங்க, கடைசில ஃபேன்ஸே சேந்து காசு போட்டுக் காப்பாத்தினாங்க. பரிங்கிற க்ளப்பை 2019-ல லீக்கை விட்டே தூக்கிட்டாங்க, 1885-ல ஆரம்பிச்ச க்ளப். அதனால "ரூலே வேண்டாம், ஓனர் காசு அவன் இஷ்டம்"னு யாராவது சொன்னா நான் அந்தப் பக்கம் இல்ல. ஓனர் ஆசைப்பட்டு செலவு பண்றான், ஓனர் போர் அடிச்சுப் போயிடுறான், பில்லு மட்டும் அந்த ஊர்லயே இருக்கும்.

நியூகாசில் ஃபேன்ஸ் சொல்றதுலயும் உண்மை இருக்கு. செல்சி 2003-லயும் சிட்டி 2008-லயும் இஷ்டத்துக்குக் காசைக் கொட்டினப்போ இப்படி ஒரு ரூல் கிடையாது, அவங்க ஏறி முடிச்சப்புறம் ஏணியை எட்டி உதைச்சாச்சு. நான் எந்தப் பக்கம்னு கேட்டா, பதில் சொல்லாம டாப்பிக் மாத்துவேன், ஏன்னா ஓட்டுனு வந்தப்போ என் க்ளப்பும் ரூல் பக்கம்தான் நின்னுச்சு.

சரி, பெரிய ஓனர் காசும் கொட்டாம, ரூலையும் மீறாம எப்படிதான் போட்டி போடுறது? பிரைட்டனைப் பாக்கணும். சொந்த ஸ்டேடியத்தையே வித்துட்டு, 1997-ல லீக்கை விட்டே வெளிய போக வேண்டிய நிலைமைல கடைசி நாள் டிரா பண்ணித் தப்பிச்ச க்ளப். அப்புறம் ரெண்டு வருஷம் வேற ஊரு கிரவுண்ட், அப்புறம் பல வருஷம் சுத்தி ஓடுற ட்ராக் இருக்குற ஒரு தடகள மைதானம். 2009-ல டோனி ப்ளூம் சேர்மன் ஆனாரு, சின்ன வயசுலருந்து அந்த க்ளப் ஃபேன், பந்தயக் கணிப்புல டேட்டா வச்சு சம்பாதிச்சவரு. அவரும் சும்மா இல்ல, வட்டியில்லாக் கடனா 300 மில்லியன் பவுண்டுக்கு மேல உள்ள போட்டுருக்காரு, ஆக பிரைட்டன் காசே இல்லாம ஜெயிச்ச கதைனு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா அந்தக் காசை எங்க போட்டாருங்கிறதுதான் விஷயம். ஸ்டேடியம், ட்ரெய்னிங் கிரவுண்ட், அப்புறம் யாரும் எட்டிப் பாக்காத லீக்ல ஆள் தேடுறது.

மொய்சஸ் கைசெடோ கதையை மட்டும் கிட்டப் போய் பாப்போம். எக்குவடோர்ல இண்டிபெண்டியெண்டே டெல் வாயே க்ளப்லருந்து 2021-ல சுமார் நாலரை மில்லியனுக்கு வாங்கினாங்க. வாங்கின உடனே ஆட வைக்கல, பெல்ஜியத்துல ஒரு க்ளப்புக்குத் தற்காலிகமா லோன்ல அனுப்பினாங்க. 2022 ஏப்ரல்லதான் பிரீமியர் லீக்ல முதல் மேட்ச். 2023 ஜனவரில எங்க ஆர்செனல் 60 மில்லியன்னு கேட்டுச்சு, முடியாதுன்னாங்க, 70 கேட்டுச்சு, முடியாது. பையன் இன்ஸ்டாகிராம்ல லெட்டர் போட்டான், நான் ஏழைக் குடும்பம், பத்துப் பிள்ளைங்கள்ல கடைக்குட்டி, என்னைப் போக விடுங்கன்னு. அதைப் படிச்சா யாருக்கா இருந்தாலும் மனசு இளகும், பிரைட்டனுக்கு இளகல. திட்டவும் இல்ல, தண்டிக்கவும் இல்ல, விண்டோ முடியுற வரைக்கும் வீட்டுல ரெஸ்ட் எடுப்பான்னு விட்டுட்டாங்க. மார்ச்ல அதே பையனுக்கு சம்பளம் கூட்டி 2027 வரைக்கும் புது காண்ட்ராக்ட். ஆகஸ்ட்ல லிவர்பூல் 111 மில்லியனுக்கு ஒத்துக்கிச்சு, பையன் செல்சிக்குத்தான் போவேன்னான், செல்சி 100 குடுத்து மேல 15 வரைக்கும் தர்றதா எழுதிக் குடுத்துச்சு. ஜனவரிக்கும் ஆகஸ்ட்டுக்கும் நடுவுல ஏழு மாசம், குறைஞ்சது 30 மில்லியன் கூடுதல். நாங்க அந்த ஜனவரில அவனுக்கு பதிலா ஜார்ஜினியோவைக் கூட்டிட்டு வந்தோம், அது தனிக் கதை.

இதுல கவனிக்க வேண்டியது விலையை விட "முடியாது"னு சொல்ல முடிஞ்சதுதான். கைல காசு இல்லாதவன் ஜனவரிலயே வித்துருப்பான், ஜூன் 30 கழுத்துல நிக்கிறவன் ஜூன்ல வித்துருப்பான். பிரைட்டனுக்கு ரெண்டு அவசரமும் இல்ல, ஏன்னா 2022-23 கணக்குலயே, அதாவது கைசெடோ காசு வர்றதுக்கு முன்னாடியே, 122.8 மில்லியன் லாபம். அதுக்கு முன்னாடியே குகுரேயா போயிருந்தான், பிசூமா போயிருந்தான், ட்ரொசார்டை எங்களுக்குக் குடுத்துருந்தாங்க, மக் அலிஸ்டர் லிவர்பூல் போயாச்சு. ஒவ்வொருத்தன் போறதுக்கு முன்னாடியும் அவன் இடத்துக்கு ஒருத்தன் ஏற்கனவே வந்து ட்ரெய்னிங்ல நிப்பான். அந்த சீசன்ல அவங்க ஆறாவது இடம், க்ளப் வரலாறுலயே பெஸ்ட்.

ஆறாவதுதான். இங்கதான் எனக்கு இந்தக் கதைல கொஞ்சம் உறுத்தும். இத்தனை புத்திசாலித்தனத்துக்கும் கூரை ஆறாவது இடம். அதே ப்ளூம் 2018-ல பெல்ஜியத்துல யூனியன் சாங் ஜில்வாஸ்ங்கிற க்ளப்பையும் வாங்கினாரு, அப்ப அது ரெண்டாவது டிவிஷன். அதே டேட்டா, அதே மாதிரி வாங்கி வளர்த்து விக்கிறது. 2021-ல மேல வந்தாங்க, 2025-ல லீக் டைட்டிலே அடிச்சாங்க, அதுக்கு முன்னாடி அவங்க டைட்டில் அடிச்சது 1935-ல. (நடுவுல ரெண்டு க்ளப்பும் ஐரோப்பியப் போட்டிக்கு வந்ததால அவரு அங்க பங்கைக் குறைச்சுக்கிட்டாரு.) ஒரே மூளை, ஒரே முறை, ஒரு நாட்டுல சாம்பியன், இன்னொரு நாட்டுல ஆறாவது எட்டாவது. வித்தியாசம் எதிர்ல நிக்கிறவன் பர்ஸ்தான். பெல்ஜியத்துல பெரிய க்ளப்புக்கும் சின்ன க்ளப்புக்கும் இடைவெளியை மூளையால தாண்டலாம், இங்கிலாந்துல தாண்ட முடியல. டிவி காசு கூட காரணம் இல்ல, அது ஓரளவு நியாயமாத்தான் பிரியுது, 2023-24-ல சாம்பியன் சிட்டிக்கு லீக் குடுத்தது 175.9 மில்லியன், கடைசி இடம் ஷெஃபீல்ட் யுனைட்டடுக்கு 109.7. இடிக்கிறது சாம்பியன்ஸ் லீக் காசும் ஸ்பான்சர் காசும்.

2026-27-லருந்து பிரீமியர் லீக்ல பிஎஸ்ஆர் போய் புது ரூல் வருது, டீமுக்கு ஆகுற செலவு, அதாவது சம்பளம், அமார்ட்டைசேஷன், ஏஜெண்ட் காசு எல்லாம் சேத்து, வருமானத்துல 85 சதவீதத்துக்குள்ள இருக்கணும். யூஃபா போட்டிக்குப் போறவங்களுக்கு 70. கேக்க நியாயமா இருக்கு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, மான்செஸ்டர் யுனைட்டட் 2023-24 வருமானம் 660 மில்லியன் சொச்சம், பிரைட்டனுக்கு 220 சொச்சம். 85 சதவீதம்னா ஒருத்தருக்கு 560, இன்னொருத்தருக்கு 187. சதவீதம் ஒண்ணு, தட்டுல விழுற சோறு வேற. (இவ்வளவு இருந்தும் 2024-25-ல யுனைட்டட் 15-ஆவது, பிரைட்டன் எட்டாவதுங்கிறதை இங்க சொல்லலைனா எனக்கு சாப்பாடு இறங்காது.)

அதை விட, புது ரூல்லயும் ஆளை வித்த லாபம் வருமானப் பக்கம்தான் சேருது. அப்ப அகாடமி பையன் இன்னமும் தங்கக் கட்டிதான். எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி, ஒருத்தனை வாங்கினா செலவை அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சு எழுதுறோம்ல, வித்தா வர்ற லாபத்தை மட்டும் ஏன் ஒரே நாள்ல எழுதணும்? லீக் ரூல் கணக்குல அதையும் அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சு விடுங்க. நிஜ காசு எப்பவும் போல பேங்க்குக்கு வந்துரும், நிஜமாவே கஷ்டத்துல இருக்குற க்ளப் அதை வச்சு சம்பளம் போடலாம், கடன் அடைக்கலாம். ஆனா ஜூன் 29 சாயங்காலம் உக்காந்து உன் பையனை எனக்குக் குடு என் பையனை நீ வாங்குங்கிற வேலைக்கு அர்த்தமே இல்லாம போயிரும், ஏன்னா 35 மில்லியனுக்கு வித்தா அந்த வருஷம் கணக்குல 7 தான் ஏறும். ஆண்டர்சன் ஒருவேளை இன்னமும் நியூகாசில்லயே இருந்துருப்பான். 2024 ஆகஸ்ட்ல நாங்களும் எமில் ஸ்மித் ரோவையும் என்கெட்டியாவையும் அப்படித்தான் விட்டோம், ரெண்டு பேருக்கும் சரியா ஆட சான்ஸ் இல்லங்கிறது உண்மை, புத்தகத்துல ரெண்டு பேர் மேலயும் பாக்கி இல்லங்கிறதும் உண்மை, எந்த உண்மை முதல்ல பேசுச்சுனு எனக்குத் தெரியாது.

ஆனா ரூல் மாறணும்னா 20 க்ளப்ல 14 க்ளப் கை தூக்கணும். அந்த 20 பேர்ல எத்தனை பேரு அடுத்த ஜூனுக்கு எந்தப் பையன்னு இப்பவே லிஸ்ட் போட்டு வச்சுருப்பாங்கனு நினைக்கிறீங்க?